சபரில் கைபேசி: சிக்கனமும் கவனமும்



உம்ராவுக்குப் புறப்படுகிறவர்கள் நம் வீடுகளுக்குப் பயணம் சொல்ல வரும்போது, வழக்கமாக நாம் கேட்கும் கேள்விகள் சில உண்டு. இஹ்ராம் துணி எடுத்தாயிற்றா, சர்க்கரை மாத்திரை எடுத்தாயிற்றா, துஆ கிதாபு எடுத்தாயிற்றா என்றெல்லாம் விசாரிப்போம். இப்போது அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "போனுக்கு என்ன ஏற்பாடு?" என்பதே அது. பெரும்பாலோரிடம் இதற்குத் தெளிவான பதில் இருப்பதில்லை. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அங்கே போய்ப் பார்ப்பதுதான் பணத்தையும் மன நிம்மதியையும் ஒருசேர இழக்கும் வழி. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். உம்ராப் பயணிகளை முன்னிறுத்தி எழுதினாலும், வளைகுடாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும், மலேசியா, சிங்கப்பூரில் உள்ள உறவினர் வீடுகளுக்குச் செல்வோருக்கும் இவை பொருந்தும்.

பயணம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய தலைமுறைகள் கடிதத்தை நம்பி வாழ்ந்தன. வளைகுடாவுக்குச் சென்ற தலைமுறை, கடிதத்தில் எழுத முடியாததையெல்லாம் ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பியது. பிறகு ஐ.எஸ்.டி. கூண்டுகளின் வாசலில், ஓடும் மீட்டரைப் பார்த்தபடி அவசர அவசரமாய்ப் பேசிய காலம் வந்தது. இந்தியாவில் கைபேசிச் சேவை தொடங்கியது 1995 ஜூலை 31 அன்று. அந்நாளில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். வருகின்ற அழைப்பை எடுத்தாலும் பணம் கட்டவேண்டும். 2003 மே மாதத்திலிருந்துதான் உள்நாட்டில் வருகின்ற அழைப்புகள் இலவசமாயின.

இந்தப் பழைய கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. 'வருகின்ற அழைப்புக்குக் காசில்லை' என்ற இருபதாண்டுப் பழக்கமே வெளிநாட்டில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

பணம் எங்கே போகிறது?

நீங்கள் ஜித்தாவில் இறங்கி, ஊர் சிம்மையே பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து உங்கள் மச்சான் உங்களை அழைக்கிறார். அவர் அழைப்பது இந்திய எண்ணை. எனவே அவருக்கு உள்நாட்டு அழைப்பு மட்டுமே. ஆனால் அந்த அழைப்பு இந்தியாவுக்குள் உங்கள் நிறுவனத்தை அடைந்து, அங்கிருந்து கடல் கடந்து சவூதி நிறுவனமொன்றின் கோபுரத்துக்கு வந்து, பிறகே உங்கள் கையில் ஒலிக்கிறது. கடல் கடந்த அந்த இரண்டாம் பாதிக்குப் பணம் கட்டுகிறவர் நீங்கள். இதைத்தான் 'ரோமிங்' என்கிறோம். 'உம்ராவுக்குப் போயிருக்கிறாரே, ஒரு வார்த்தை துஆ செய்யச் சொல்வோம்' என்று பத்துப் பேர் அன்போடு அழைத்தால், அந்த அன்பு முழுவதும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

பேச்சைவிடப் பெரிய செலவு ஓசையில்லாமல் நடப்பது. கைபேசி நம் கையில் சும்மா இருப்பதுபோல் தோன்றினாலும் அது சும்மா இருப்பதில்லை. செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் நிமிடக்கணக்கான காணொளிகளும் தாமாகவே இறங்குகின்றன. எடுத்த புகைப்படங்கள் இணையச் சேமிப்புக்கு ஏறுகின்றன. முன்கூட்டிக் கட்டிய 'பேக்' இல்லாமல் ஊர் சிம்மின் வழியே இவையெல்லாம் நடந்தால், ஓரிரு நாளிலேயே திகைக்கவைக்கும் தொகை சேர்ந்துவிடும். ஆகவே விமானம் ஏறுமுன்பே, அமைப்புகளில் உள்ள 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்துவிடுங்கள். இந்த ஒரு செயலே பாதிக் கவலையைத் தீர்த்துவிடும். விமானத்தினுள்ளும் கப்பலினுள்ளும் செயற்கைக்கோள் வழியே இயங்கும் தொடர்பு சிலவற்றில் உண்டு. அதன் கட்டணம் மிகக் கடுமையானது. எனவே விமானத்தில் 'பிளைட் மோட்' போடுவது விதிக்காக மட்டுமன்று, நம் பணப்பைக்காகவும்தான்.

மூன்று வழிகள்

சிக்கனமாகத் தொடர்பு கொள்ள மூன்று வழிகள் உள்ளன. உங்கள் பயணத்துக்கு எது ஏற்றது என்று பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதலாவது, ஊர் சிம்முக்கே வெளிநாட்டு 'பேக்' போட்டுக்கொள்வது. எண் மாறாது; கடை தேடி அலைய வேண்டாம்; வயதானவர்களுக்குக் குழப்பமும் இல்லை. ஆனால் நாள் கணக்கில் பார்த்தால் விலை கூடுதல். எந்த நாட்டுக்குச் செல்லும், எத்தனை நாள் செல்லும், வருகின்ற அழைப்புக்கு எத்தனை நிமிடம், இடையில் விமானம் மாறும் நாட்டுக்கும் பொருந்துமா என்ற நான்கையும் கேட்டுத் தெரிந்துகொண்டே பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, போன இடத்தில் உள்ளூர் சிம் வாங்குவது. பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே மலிவு. சவூதியில் எஸ்.டி.சி., மொபைலி, ஸைன் ஆகிய நிறுவனங்களின் கிளைகள் விமான நிலையங்களிலேயே உள்ளன. 2016 முதல் அங்கே சிம் வாங்கக் கைரேகை பதிய வேண்டும் என்பது சட்டம். எனவே பாஸ்போர்ட்டோடு நீங்களே நேரில் செல்ல வேண்டும். தெருவோரத்தில் "பாஸ்போர்ட் வேண்டாம், ரேகை வேண்டாம்" என்று யாராவது சிம் நீட்டினால் வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் பதிந்ததாகவே இருக்கும். அதுபோல், ஊர் திரும்பும்போது உங்கள் பெயரில் உள்ள சிம்மை அறைத்தோழருக்கு அன்பளிப்பாய்க் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அது அவர் கையிலிருந்து எங்கே போகும் என்று யார் அறிவார்? பதிவில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் கைரேகையும்.

மூன்றாவது, 'இ-சிம்' என்பது. இதில் கையால் செருகும் அட்டை கிடையாது. ஊரிலிருந்தே இணையத்தில் வாங்கி, கைபேசியில் ஏற்றிக்கொண்டு, இறங்கியதும் இயக்கலாம். ஊர் சிம் தன் இடத்தில் அப்படியே இருக்கும். ஆனால் எல்லாக் கைபேசிகளும் இதற்கு இடம் தருவதில்லை. வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும் பயணிகளுக்கென விற்கப்படும் இ-சிம்கள் பல, இணையத்துக்கு மட்டுமே பயன்படும். அவற்றில் அழைக்கவோ அழைக்கப்படவோ எண் இருக்காது.

இவற்றோடு, தங்கும் விடுதியின் 'வைஃபை'யையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்கள் அனுப்புவது, முகம் பார்த்துப் பேசுவது ஆகியவற்றை விடுதிக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொண்டால், வெளியே சிறிய பேக் போதும். குரல் மட்டும் பேசினால் செலவாகும் டேட்டா மிகக் குறைவு; முகம் பார்த்துப் பேசினால் அது பல மடங்காகும். வங்கிக் கணக்கைத் திறப்பதை மட்டும், பலரும் பயன்படுத்தும் பொது வைஃபையில் செய்யாமல் உங்கள் சொந்த சிம் வழியே செய்யுங்கள்.

ஊர் சிம்மை மறந்துவிடாதீர்கள்

உள்ளூர் சிம் வாங்கியதும், ஊர் சிம்மைக் கழற்றித் தாளில் மடித்துப் பெட்டியில் போட்டுவிடுகிறவர்கள் பலர். இது தவறு. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அந்தச் சிம்முக்குத்தான் வரும். பணப் பரிமாற்றச் செயலிகள், பதிவு செய்த சிம் கைபேசிக்குள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கின்றன. ஆகவே இரண்டு சிம் போடும் கைபேசியில், ஊர் சிம்மையும் உள்ளேயே வையுங்கள். இணையத்துக்கு உள்ளூர் சிம் என்று அமைத்து, ஊர் சிம்மில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அதில் அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டுவிட்டு, வேறு வழியில் நீங்கள் தொடர்புகொள்ளலாம். குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் வெளிநாட்டு ரோமிங் வசதியை ஊரில் இருக்கும்போதே இயக்கி வைத்தால்தான் அந்தக் குறுஞ்செய்தியும் வரும்.

மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகும் தாய் தந்தையருக்கு ஒரு சொல்: முன்பணம் கட்டும் சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால், அந்த எண்ணை நீங்கள் இழக்க நேரிடலாம். பிறகு அது வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும். ஆதாரும் வங்கியும் அந்த எண்ணோடுதான் பிணைந்திருக்கின்றன. போகுமுன் போதிய நாள்களுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டே புறப்படுங்கள்.

தொடர்பு எண்களைப் பதியும்போது நாட்டுக் குறியீட்டையும் சேர்த்துப் பதியுங்கள். பத்து இலக்கம் மட்டும் இருந்தால் ஜித்தாவிலிருந்து ஊருக்கு அழைப்பு போகாது. கூட்டல் குறியிட்டு 91 என்று தொடங்க வேண்டும். சவூதிக்கு 966, அமீரகத்துக்கு 971, மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65, இலங்கைக்கு 94. அறிமுகமில்லாத அயல்நாட்டுக் குறியீட்டோடு ஒரு முறை ஒலித்து நின்றுபோகும் அழைப்புகளுக்குத் திருப்பி அழைக்காதீர்கள். திருப்பி அழைப்போரிடம் காசு கறக்கவே செய்யும் மோசடி அது.

அந்தந்த நாட்டுச் சட்டம்

"வாட்ஸ்அப் இருக்கிறதே, அது போதும்" என்று எண்ணிப் போகிறவர்கள் துபாயில் இறங்கியதும் திகைக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், படம் அனுப்பலாம்; அழைப்பு மட்டும் கிடைக்காது. அங்கே அரசு அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் வழியேதான் இணையத்தில் பேச வேண்டும். சவூதியில் 2017 செப்டம்பரில் இணைய அழைப்புக்கான தடை பொதுவாக நீக்கப்பட்டது. என்றாலும் ஒவ்வொரு செயலியும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இயங்கியதில்லை. ஆகவே ஒரே செயலியை நம்பாமல் இரண்டு செயலிகளை இரு தரப்பிலும் ஊரிலேயே ஏற்றி, பேசிப் பார்த்துவிட்டுப் போவது நலம். தடையைக் குறுக்கு வழியில் தாண்டும் செயலிகளை யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். விருந்தினராகப் போன நாட்டின் சட்டத்தை மதிப்பது நம் கடமை. மீறினால் வரும் தண்டனையும் சிறியதன்று.

உம்மாவின் கையில் ஒரு கைபேசி

இதுவரை சொன்னவை பணத்தைப் பற்றியவை. பணத்தைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது.

எழுபது வயதை நெருங்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்து உம்ராவுக்குப் போகிறார். பிள்ளைகள் அன்போடு ஒரு புதிய கைபேசியை வாங்கி, புறப்படும் அன்று கையில் கொடுக்கிறார்கள். அவருக்குப் பழகியது பொத்தான் அழுத்தும் பழைய கருவி. ஹரமில் தவாஃப் முடிந்து திரும்பிப் பார்க்கிறார். கூட வந்தவர்களைக் காணோம். கையில் விலையுயர்ந்த கருவி இருக்கிறது. அதைத் திறக்க அவருக்குத் தெரியாது. சுற்றிலும் அவர் மொழி அறியாத மக்கள். அந்த அரை மணி நேரம் அவர் படும் பாட்டை எந்தப் பேக்கும் ஈடு செய்யாது.

ஆகவே அன்புப் பிள்ளைகளே, கைபேசி வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுத்துப் பழக்குங்கள். அவர் பழைய கருவியிலேயே வசதியாக இருந்தால், அதையே அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், தொடர்பு எண்களுக்கு முகப்படங்களை வைத்துக் கொடுங்கள். குரல் பதிவு அனுப்பும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். நாளும் ஒரு முறை, அடுத்த அறையிலிருந்து உங்களை அழைக்கச் சொல்லிப் பாருங்கள். பொறுமையிழந்து, "இதுகூடத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நடக்கப் பழக்கியபோது அவர் அப்படிக் கேட்கவில்லை.

கைபேசியின் பேட்டரி தீர்ந்துபோகும் நேரமும் வரும். அதற்காக ஒரு தாளில் விடுதியின் பெயர், அறை எண், குழுத் தலைவரின் எண், கூட வந்தவரின் எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் அரபியிலும் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கழுத்தில் தொங்கும்படி கொடுங்கள். மஸ்ஜிதுல் ஹராமின் வாயில்களுக்கு எண்கள் உண்டு. மன்னர் அப்துல் அஜீஸ் வாயில் 1; மன்னர் ஃபஹ்து வாயில் 79. "பிரிந்துவிட்டால் இந்த எண் வாயிலில் நிற்போம்" என்று முதல் நாளே பேசிவைத்துக்கொண்டால், போன் இல்லாமலேயே சேர்ந்துகொள்ளலாம். மக்காவில் அவசர உதவிக்கு 911 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2025ஆம் ஆண்டு ஹஜ் செய்தவர்கள் 16,73,230 பேர். இத்தனை பேரும் அரஃபாவில் ஒரே நாளில் கூடும்போது, கோபுரங்கள் எத்தனை இருந்தாலும் அழைப்பு கிடைப்பது அரிதாகலாம். அப்போது மீண்டும் மீண்டும் அழைத்துப் பேட்டரியைத் தீர்ப்பதைவிட, ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். அது அளவில் மிகச் சிறியது. அழைப்பு நுழைய முடியாத நெரிசலிலும் எப்படியாவது நுழைந்து போய்ச் சேரும்.

மின்னேற்றத்துக்கும் ஏற்பாடு தேவை. சவூதி, அமீரகம், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் சுவரில் இருப்பது மூன்று சதுரக் கால்கள் நுழையும் துளை. நம்மூர் உருண்டைக் கால் பிளக்குக்கு இடையிணைப்பு ஒன்று வேண்டும், ஊரிலேயே வாங்கிவிடுங்கள். 'பவர் பேங்க்' கொண்டு போனால் கைப்பையில் வையுங்கள். சரக்கில் போடும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. மதீனாவில் ரவ்ழா ஷரீஃபில் தொழ, 2022இல் அறிமுகமான நுஸுக் செயலி வழியே அனுமதி பெற வேண்டிய நிலை உள்ளதால், குழுவில் ஒருவரிடமாவது இணையத்தோடு இயங்கும் கைபேசி இருப்பது அவசியம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தாய்மார்களே, சகோதரிகளே! பயணம் போனவர்களைப் போலவே வீட்டில் இருக்கும் நமக்கும் ஒழுங்கு தேவை. மக்காவின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. அவர்கள் இஷா தொழுது விடுதி திரும்பும்போது நமக்கு நள்ளிரவு நெருங்கிவிடும். "இரவு பேசுகிறேன்" என்று சொல்லிப் போனவரின் குரலுக்காக நம்மில் எத்தனை பேர் விழித்தே கிடக்கிறோம்! அதைவிட, அவர்கள் அஸர் தொழுத பிறகு மாலை ஐந்து மணிக்கு என்று வைத்துக்கொண்டால், நமக்கு ஏழரை மணி. பிள்ளைகளும் விழித்திருப்பார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி முந்தியவை. அங்கே போனவர்களோடு பேச நம் பிற்பகலே ஏற்றது.

ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் பேசி, மற்ற உறவினருக்குச் செய்தி சொல்லட்டும். பேசுவதற்கு முன் சொல்ல வேண்டியதை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பங்காளித் தகராறையும் பால்காரர் பாக்கியையும் கஅபாவின் முன் நிற்பவரிடம் கொண்டுபோகாதீர்கள். அவர்களால் அங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. அவர்கள் வணக்கத்தில் மனம் சிதறுவது ஒன்றுதான் மிச்சம். ஆனால் உண்மையிலேயே பெரிய செய்தி என்றால், மறைக்காமல், நேராக அவர்களிடம் சொல்லாமல், கூட இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள்.

"ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் பயப்படக்கூடாது, அடுத்த நாளும் வராவிட்டால் குழுத் தலைவரை அழைப்பது" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இந்த ஓர் ஏற்பாடு இருந்தால், பேட்டரி தீர்ந்த கைபேசிக்காக ஒரு குடும்பமே இரவு முழுவதும் அழுது தவிக்கும் நிலை வராது. வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் போகிறவர்கள், அந்தச் செய்தியை 'ஸ்டேட்டஸ்' போட்டு ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். படங்களைத் திரும்பி வந்த பிறகும் காட்டலாம்.

நிறைவாக ஒன்று. தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது வேறு. தொடர்பிலேயே மூழ்கிக் கிடப்பது வேறு. தவாஃபின்போது ஒரு கையை உயர்த்திக் காணொளி எடுத்துக்கொண்டே சுற்றுகிறவர்களை இப்போது ஹரமில் காண்கிறோம். பின்னால் வருகிறவர்களுக்கு இடையூறு. தமக்கோ, இவ்வளவு தூரம் வந்தும் கண் கஅபாவின் மேல் இல்லை, கண்ணாடித் திரையின் மேல்தான் இருக்கிறது. பயணியின் துஆவுக்குத் தனி மதிப்பு உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். ஒரு நாளைக்கு ஒரு முறை, பத்து நிமிடம், நலம் விசாரித்து நலம் சொன்னால் போதும். மீதி நேரம் கைபேசி பையில் இருக்கட்டும். அங்கே இருப்பவர் நமக்காகக் கேட்கும் துஆவுக்குப் பேக்கும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

பயணம் புறப்படும் உங்கள் அனைவருடைய சபரையும் அல்லாஹ் இலேசாக்கி, நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.